அரைப்புள்ளிக்குப் பிறகு

ஜூன் 22, வியாழன்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடி மட்டும் எழுதுவேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். எனக்குச் சாதகமாக இல்லாததையும் எழுதுவேன். ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு தயாமலராகிய நான் இதை நீல மையில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

காரணம், நேற்று நடந்தது.

நேற்று மாதப் பூசம். பூசத்தன்று மாலை எங்கள் தெருமுனைச் சன்மார்க்க சங்கத்தில் இருநூறு பேருக்குச் சாப்பாடு போடுவார்கள். உடுமலையில் இது எல்லாருக்கும் தெரியும். அங்கே பெரிய அடுப்பில் ஒன்பது வருடமாகக் கரண்டி பிடிப்பவர் என் அம்மா திலகவதி. அந்தக் கரண்டி என் தோள் உயரம் இருக்கும். அதன் பிடியில் ஓரிடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும். அது அம்மாவின் கை படும் இடம்.

அம்மா தினமும் மாலையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு சிறிய கடை போடுகிறார். அதில் சீஸ் டோஸ்டுக்குத்தான் பெயர். நேற்று சங்கத்துக்கு வரும் பிள்ளைகளுக்காக நாற்பது டோஸ்ட் சுட்டு எடுத்துக்கொண்டு போனார். ரொட்டி, வெண்ணெய், மிளகு, பச்சைப் புள்ளி போட்ட சீஸ், மேலே தூவக் கொஞ்சம் பொடி. அவ்வளவுதான்.

எங்கள் எதிர்வரிசையில் ‘தளிர்’ என்று ஒரு கடை இருக்கிறது. பால் சேர்க்காமல் தேங்காயில் சீஸ் செய்து விற்கிறார்கள். அதை நடத்துபவர் கற்பகவல்லி. இதுவரை அவரை அத்தை என்று கூப்பிட்டு வந்தேன். இனி இந்த நோட்டில் ‘அந்த அம்மாள்’ என்றுதான் எழுதுவேன். பழிக்கும் இலக்கணத்துக்கும் சம்பந்தமில்லை என்பதால் ‘ஆர்’ விகுதியை மட்டும் விட்டுவைக்கிறேன்.

அந்த அம்மாள் ஒரு டோஸ்டை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனார். அம்மாவிடம் ஏதோ கேட்டார். அம்மா ஏதோ சொன்னார். அது முக்கியமில்லை. பிறகு அந்த அம்மாள், எல்லாருக்கும் கேட்கும்படி இப்படிச் சொன்னார்:

“திலகா, இதுல கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுத்தது சேந்திருக்குது. இதையா கொழந்தைங்களுக்குக் குடுக்கற?”

பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். ஒரு சின்னப் பையன் வாயிலிருந்ததைக் கையில் துப்பி, அதை என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடம் நீட்டினான். நான்தான் வாங்கினேன்.

சங்கத் தலைவர் சௌந்தரராசு ஐயா நல்லவர். அதனால்தான் அவர் சொன்னது அதிகம் வலித்தது. “கொஞ்ச நாளைக்கு அடுப்புப் பக்கம் வேண்டாமுங்க திலகம்மா. நாலு பேரு மனசு ஒப்போணுமுல்லீங்க” என்றார். பின்னாலிருந்து ஒருவர், இது சைவம் என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார்.

அம்மா கரண்டியைக் கழுவினார், முந்தானையால் துடைத்தார், இரண்டு கையாலும் ஐயாவிடம் கொடுத்தார்.

அம்மா ஏன் பேசவில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

நான் படிக்கும் ஜன்னலிலிருந்து பார்த்தால் ‘தளிர்’ பெயர்ப்பலகை தெரியும். மாலை ஆறு மணிக்குப் பச்சை விளக்கு எரியும். அந்த விளக்கு அணையும் நாள்வரை இந்த நோட்டை எழுதுவேன். கடை மூடும் நேரத்தில் அணைவதைச் சொல்லவில்லை. ஒரேயடியாக அணைவதைச் சொல்கிறேன்.

ஜூன் 23, வெள்ளி

பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா சமையலறை அலமாரியைக் காலி செய்து துடைத்துக்கொண்டிருந்தார். தீபாவளிக்குத்தான் அப்படிச் செய்வார். பிறகு மஞ்சள் துணியில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே போனார். பத்து நிமிடத்தில் வெறுங்கையோடு வந்தார். எங்கே போனாய் என்று கேட்டேன். சும்மாதான் என்றார்.

இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெயிலாம். இன்று வெயிலே இல்லை.

ஜூன் 24, சனி

என் முதல் ஆயுதம் கிடைத்துவிட்டது.

அம்மா வாங்கும் சீஸ் உறையை விளக்கடியில் வைத்து, பூதக்கண்ணாடியால் ஒரு எழுத்து விடாமல் படித்தேன். பால், உப்பு, பிறகு ‘நுண்ணுயிரி ரென்னெட்’. அதாவது பாலைத் திரிய வைக்கும் சத்தைக் கன்றிடமிருந்து எடுக்காமல் நுண்ணுயிரிகளிலிருந்து எடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் பச்சைப் புள்ளி. சைவமேதான். அந்த அம்மாள் சொன்னது பொய்.

அப்பாவிடம் காட்டினேன். அப்பா தென்னைநார் ஆலையில் எடை போடுகிறவர். எதையும் இரண்டு தட்டிலும் வைத்துப் பார்ப்பார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “டோஸ்டுல இது மட்டுந்தான் போட்டாளா உங்கம்மா?” என்றார்.

வேறென்ன என்றேன்.

“செரி, விடு சாமி” என்றார். நான் விடுவதாக இல்லை.

ஜூன் 26, திங்கள்

ஜூலை 14 அன்று பள்ளியில் அறிவியல் கண்காட்சி. பெற்றோரும் ஊர்க்காரர்களும் வருவார்கள். சௌந்தரராசு ஐயாதான் சிறப்பு விருந்தினர். இதைக் கேட்டதும் என் முதுகெலும்பு நிமிர்ந்துகொண்டது.

என் தலைப்பை ஒரு தாளில் எழுதி அறிவியல் ஆசிரியை கிருபாவதி டீச்சரிடம் நீட்டினேன். ‘தேங்காய்ச் சீஸ் என்னும் மோசடி.’ டீச்சர் படித்துவிட்டு, தலைப்பு கேள்வியாக இருக்க வேண்டும், குற்றப்பத்திரிகையாக இருக்கக் கூடாது என்றார். அதனால் ‘சைவ உணவினருக்கு நல்லது எது: பால் சீஸா, மாற்றுச் சீஸா?’ என்று மாற்றினேன். என் மனத்தில் பழைய தலைப்பே இருக்கிறது.

என் கூட்டாளி நஸ்ரின். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

“உங்க சைவத்துல இத்தன சண்டையாடி? எங்க ஊட்ல ஆட்டுக்காலுக்குக்கூட இத்தன பஞ்சாயத்து நடக்காது.”

இது சண்டையில்லை, நீதி என்றேன்.

“அப்ப நீதிக்கு சார்ட்டு பேப்பர் யாரு வாங்கறது?” என்றாள்.

ஜூன் 29, வியாழன்

எதிரியின் கோட்டைக்குள் போய் வந்தேன்.

அந்த அம்மாள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். கடையில் பழனிவேல் மாமா இருந்தார். அந்த அம்மாளின் கணவர். அவர் மேல் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. நகர நூலகத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபோது, கழித்துக்கட்டிய புத்தகங்களிலிருந்து ஒரு பெரிய ஆங்கிலம்-தமிழ் அகராதியை எடுத்து எனக்குக் கொடுத்தார். முதுகு பிய்ந்திருந்தாலும் பக்கங்கள் முழுசு. இரண்டு வருடம் முன்பு கோவையில் அவருக்கு இருதய ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகுதான் அந்த அம்மாள் பால், வெண்ணெய், நெய் எல்லாவற்றையும் வீட்டிலிருந்து துரத்திவிட்டு இந்தக் கடையைப் போட்டார்.

மாமா குழந்தைகளுக்குக்கூட ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். “என்னுங் கண்ணு, ரொம்ப நாளா ஆளையே காணோம்” என்றார். கண்காட்சிக்காகத் தேங்காய்ச் சீஸ் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிய வேண்டும் என்றேன். இது பொய் இல்லை.

அவருக்கு ஒரே சந்தோஷம். தேங்காய்ப்பால், தேங்காய் எண்ணெய், மரவள்ளி மாவு, உப்பு, எலுமிச்சைச் சாறு என்று ஒவ்வொன்றாக அளவோடு சொன்னார். நான் எழுதும் வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கடையில் தொங்கும் சிலேட்டுப் பலகையைப் படித்தும் காட்டினார். ‘சைவர்களுக்கு ஏற்ற ஒரே சீஸ். கொலஸ்ட்ரால் இல்லை. இதயத்துக்கு இதம்.’

“தெனம் காலைல ரெண்டு துண்டு சாப்பிடறனுங்க. அவ கையால நறுக்கி வெச்சுட்டுத்தான் கடை தெறப்பா” என்றார்.

எனக்கு ஒரு துண்டு காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். சோதனைக்காக மட்டும் வாங்கிக்கொண்டேன். ஒரு மூலையைத் தின்று பார்த்தேன். நன்றாக இருந்தது. உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன்.

ஜூலை 3, திங்கள்

ஆய்வகத்தில் அயோடின் சோதனை. மாவுச்சத்து உள்ள பொருளின் மேல் அயோடின் விட்டால் கருநீலமாகும். அம்மா வாங்கும் சீஸ்மேல் ஒரு சொட்டு விட்டேன். பழுப்பாகவே இருந்தது. தேங்காய்ச் சீஸ்மேல் ஒரு சொட்டு. ஒரு நொடியில் மை கொட்டியது போலக் கறுத்தது.

நஸ்ரின், “அய்யோ, பாவி” என்றாள். சீஸைச் சொன்னாளா என்னைச் சொன்னாளா என்று கேட்கவில்லை.

அந்தக் கறுப்பைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பசியே எடுக்கவில்லை.

ஜூலை 5, புதன்

இன்று கணக்கிட்டதை எழுதுகிறேன்.

அம்மாவின் சீஸ் நூறு கிராமில் புரதம் இருபது கிராம். பால் சீஸ் என்பதால் சுண்ணாம்புச்சத்தும் நிறைய. மாமா சொன்ன அளவின்படி தேங்காய்ச் சீஸில் புரதம் இரண்டு கிராம்கூடத் தேறாது. சுண்ணாம்புச்சத்து பேருக்குத்தான். கறி, மீன், முட்டை தின்னாதவர்களுக்குப் புரதம் எங்கிருந்து வரும்? இதைக் கொட்டை எழுத்தில் போடப் போகிறேன். அதோடு தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. இருதயக்காரர்கள் அளவோடு உண்ண வேண்டியது அதைத்தான். கொலஸ்ட்ரால் இல்லை என்பது உண்மை. இதயத்துக்கு இதம் என்பது உண்மையில்லை.

ஆனால் கிருபாவதி டீச்சர் எனக்குப் பிடிக்காத ஒன்றைச் சொன்னார். பால் சீஸிலும் நிறைவுற்ற கொழுப்பு நிறைய இருக்கிறது, உப்பும் மிக அதிகம், அந்த வரிசைகளையும் அட்டவணையில் போட வேண்டும் என்றார். முந்திரியில் செய்தால் கொழுப்பு வேறு மாதிரி, சோயாவில் செய்தால் புரதம் கூடும், ஆகவே ‘மாற்றுச் சீஸ்’ என்று ஒரே கூடையில் அள்ளிப்போடக் கூடாது என்றார். எது நல்லது என்பது யார், எவ்வளவு, எதற்குப் பதிலாகத் தின்கிறார் என்பதைப் பொறுத்ததாம்.

இப்படிப் பொறுத்துக்கொண்டே போனால் யாரை எப்போது பழிவாங்குவது?

அம்மா இன்றும் ஒரு வேளைதான் சாப்பிட்டார். இன்று பதின்மூன்றாம் நாள். வெயில் என்ற காரணத்தைக்கூட இப்போது சொல்வதில்லை.

ஜூலை 8, சனி

நஸ்ரின் வீட்டில் அட்டை தயாரிக்கும் வேலை. அவள் அம்மா சேமியா கொடுத்தார். நாங்கள் ஒட்டிக்கொண்டிருந்த சீஸ் உறையைக் கையில் எடுத்து, தூரப் பிடித்துப் படித்தார்.

“நாங்களும் இதைத்தான் பாத்து வாங்குவோம். இங்கத்து உறைன்னா பச்சைப் புள்ளி இருக்கும், கவலையில்ல. வெளிநாட்டு டப்பான்னா ரென்னெட்னு மொட்டையாப் போட்டிருப்பான். எந்தப் பிராணியில எடுத்தான், எப்படி அறுத்தான்னு நமக்குத் தெரியாதுல்லம்மா. நான் தொடவே மாட்டேன்.”

மொட்டையாக என்றால் என்ன என்று கேட்டேன்.

“வெறும் ரென்னெட்னு. நுண்ணுயிரி அப்படி இப்படின்னு முன்னால ஒண்ணும் இல்லாம.”

வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் வந்துவிட்டேன். சேமியா நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 9, ஞாயிறு

அகராதியை எடுத்தேன். பக்கம் 874, கடைசி வரி.

‘ரென்னெட்: பாலை உறைய வைக்கப் பயன்படும் பொருள்;’

அது முற்றுப்புள்ளி இல்லை. அரைப்புள்ளி. ஏப்ரலில் இதே வரியைப் படித்தபோது நான் அதைக் கவனிக்கவில்லை. பக்கம் அங்கே முடிந்துவிட்டதால் பொருளும் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இன்று பக்கத்தைத் திருப்பினேன்.

திருப்பிய பக்கத்தில் இருந்ததை நாளை எழுதுகிறேன்.

ஜூலை 10, திங்கள்

இன்று எழுத ஒன்றும் இல்லை. காலையிலிருந்து சாரல்.

ஜூலை 11, செவ்வாய்

சமையலறை அலமாரியின் மேல்தட்டில் தேடினேன். அம்மாவின் தம்பி சரவண மாமா ஏப்ரலில் துபாயிலிருந்து கொண்டுவந்த பொருள்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். பேரீச்சம்பழம் இருக்கிறது, பாதாம் இருக்கிறது. அவர் கொண்டுவந்த டப்பா மட்டும் இல்லை.

அம்மா பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. “என்ன தேடற கண்ணு?” என்றார். பாதாம் என்றேன். நான்கு பாதாம் எடுத்துக் கொடுத்தார். தான் ஒன்றுகூடத் தின்னவில்லை.

எப்படியிருந்தாலும் அந்த அம்மாள் அதை ஊர் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது. இதை யாரும் மறுக்க முடியாது. ஆகவே என் திட்டத்தில் மாற்றமில்லை.

ஜூலை 13, வியாழன்

அட்டவணை தயார். புரதம், சுண்ணாம்புச்சத்து, மாவுச்சத்து, தேங்காய் எண்ணெயின் கொழுப்பு. டீச்சர் சொன்ன வரிசைகளையும் எழுதினேன். பிறகு பார்த்தால், தலைப்புக்கும் சுற்றி வரைந்த பூவேலைக்கும் இடம் போதவில்லை. அதனால் பால் சீஸின் கொழுப்பு, உப்பு என்ற இரண்டு வரிசைகளின் மேல் ஒரு பச்சைத் தாளை ஒட்டி, அதில் ‘நன்றி’ என்று எழுதினேன்.

நஸ்ரின் பூவை அழித்தால் இடம் வருமே என்றாள். இடம் போதவில்லை என்பது உண்மைதான். பூ அழகாக வந்திருந்தது என்பதும் உண்மை.

ஜூலை 14, வெள்ளி

வென்றேன். விவரமாக எழுதுகிறேன்.

பதினோரு மணிக்குக் கூட்டம் சேர்ந்தது. சௌந்தரராசு ஐயா முன்வரிசை. சங்கத்துக்காரர்கள் ஆறேழு பேர். அம்மா கூப்பிட்டும் வரவில்லை, அப்பா வந்தார். பதினொன்று பத்துக்கு அந்த அம்மாளும் பழனிவேல் மாமாவும் வந்தார்கள். மாமா வெளுத்த சட்டை போட்டு, பையில் பேனா குத்தியிருந்தார். என்னைப் பார்த்துக் கையசைத்தார். தன்னிடம் கேட்டுப் போன செய்முறை கண்காட்சிக்கு வந்துவிட்ட பெருமை அவருக்கு.

நான் பச்சைப் புள்ளியைக் காட்டினேன், நுண்ணுயிரி ரென்னெட் என்பதைப் படித்தேன், இது சைவமே என்று மூன்று முறை சொன்னேன். ஐயா தலையசைத்தார். பிறகு அயோடினை எடுத்தேன். தேங்காய்ச் சீஸ் கறுத்ததும் பின்னாலிருந்து ஒருவர், “சீஸுன்னு சொல்லிக் கெழங்கையா ஊட்டிட்டிருந்தாங்க?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பை நான் இருபத்து மூன்று நாளாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன். கற்பனையில் இருந்ததைவிடச் சத்தமாக இருந்தது.

அந்த அம்மாளைப் பார்த்தே புரதக் கணக்கைச் சொன்னேன். அவரைப் பார்த்தே கொழுப்புக் கணக்கையும் சொன்னேன். “இதயத்துக்கு இதம் என்று எழுதியிருப்பவர்கள் இதைப் படித்ததில்லை போலும்” என்றேன். இந்த வாக்கியத்தைக் கண்ணாடி முன் ஒன்பது முறை பழகியிருந்தேன்.

அப்போது மாமா கை தூக்கினார். வகுப்பில் பிள்ளைகள் தூக்குவது போல.

“அப்ப நான் ரெண்டு வருசமா காலைல சாப்பிடறது நெஞ்சுக்கு ஆகாதுங்களா கண்ணு?”

அவர் குற்றமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். பேனாவையும் கையில் எடுத்துக்கொண்டார்.

டீச்சர் சொன்ன ‘யார், எவ்வளவு, எதற்குப் பதிலாக’ எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. இதை எழுதியே ஆக வேண்டும். எனக்கு ஞாபகம் இருந்தது.

“ஆகாது மாமா” என்றேன்.

அந்த அம்மாள் என்னை ஒரு முறை பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. பிறகு முன்னால் வந்து, கறுத்த துண்டுகள் இருந்த தட்டைத் தன் முந்தானையால் மூடினார். இறந்தவர்கள் முகத்தை மூடுவது போல இருந்தது. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

முதல் பரிசு எனக்கு. சான்றிதழில் என் பெயரைத் தயமலர் என்று எழுதிவிட்டார்கள். ஒரு கால் குறைகிறது.

ஜூலை 15, சனி

காலையில் சௌந்தரராசு ஐயா வீட்டுக்கே வந்தார். தவறாக நினைத்துவிட்டோம், செவ்வாய்க்கிழமைப் பூசத்துக்கு அம்மாதான் கரண்டி பிடிக்க வேண்டும் என்றார். உங்கள் மகள் உங்கள் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள் என்றும் சொன்னார். அம்மா அவருக்கு மோர் கொடுத்தார்.

மாலையில் ஜன்னலிலிருந்து பார்த்தேன். சிலேட்டுப் பலகையில் பழைய வரிகளுக்குக் கீழே ‘தேங்காய்ச் சீஸ் இல்லை’ என்று எழுதியிருந்தது. கடைக்கு ஒருவரும் வரவில்லை. மாமா நாற்காலியில் உட்கார்ந்து தன் இடது மார்பை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். வலியா, வெறும் நினைப்பா என்று இங்கிருந்து தெரியவில்லை.

பெயர்ப்பலகை விளக்கு எரிந்தது.

ஜூலை 17, திங்கள்

சாரல். கணக்குத் தேர்வில் எண்பத்தொன்பது. இரண்டு நாளாக நஸ்ரின் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. இன்று மட்டும் ஒன்று சொன்னாள்.

“நீ ஜெயிச்சதுக்கு உன் மூஞ்சி ஏன்டி இப்படி இருக்குது?”

ஜூலை 18, செவ்வாய்

பூசம்.

அம்மா குளித்து, வெள்ளைப் புடவை கட்டிச் சங்கத்துக்கு வந்தார். ஐயா எல்லார் முன்னிலையிலும் கரண்டியை நீட்டினார். இந்த ஒரு காட்சிக்காகத்தான் நான் இவ்வளவும் செய்தேன். தேய்ந்த இடம் அம்மாவின் பக்கமாக இருந்தது.

அம்மா வாங்கவில்லை.

“நான் தண்ணி ஊத்தறேனுங்க. அடுப்பு அடுத்த பூசத்துக்குப் பாத்துக்கலாமுங்க” என்றார்.

ஐயா வற்புறுத்தினார். எல்லாம் தெளிவாகிவிட்டதே என்றார். அம்மா சிரித்துக்கொண்டே செம்பை எடுத்துக்கொண்டு பந்திக்குப் போய்விட்டார். இருநூறு பேருக்கும் தண்ணீர் ஊற்றினார். என் இலைப் பக்கம் வந்தபோது நான் தலை நிமிரவில்லை. தம்ளர் நிறைந்து வழியப்போகும் நேரத்தில், எப்போதும் போல் சரியாக நிறுத்தினார்.

வீட்டுக்கு வரும் வழியில், ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் கத்தியே கேட்டேன்.

“ரெண்டு பூசம்னு மனசுல நெனச்சுட்டேன் கண்ணு. இன்னைக்கோடதான ரெண்டாச்சு.”

எதற்கு இரண்டு பூசம் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அம்மாவுக்குத் தெரியாது என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 19, புதன்

முதலில், கடன்பட்ட வரியை எழுதுகிறேன்.

பக்கம் 875, முதல் வரி: ‘பால்குடி மறவாத கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது.’

சரவண மாமா கொண்டுவந்த டப்பாவில் இருந்தது சீஸ் பொடி. ஏப்ரலில் அம்மா அதை என்னிடம் நீட்டி, “சைவந்தானான்னு படிச்சுச் சொல்லு கண்ணு, எனக்கு இங்கிலீசு தெரியாதில்ல” என்றார். பால், உப்பு, ரென்னெட் என்று மூன்றே சொல். மூன்றாவதை அகராதியில் பார்த்தேன், அரைப்புள்ளியோடு நிறுத்திவிட்டேன். “உறைமோர் மாதிரிதாம்மா” என்றேன். “அட, நம்ம உறைமோருதானா” என்று அம்மா அன்றே டோஸ்டின் மேல் தூவினார். முதல் நாள் எழுதினேனே, மேலே தூவக் கொஞ்சம் பொடி என்று. அந்தப் பொடிதான். அந்த அம்மாள் அன்று கேட்டதும், மேலே தூவியது என்ன என்றுதான். அம்மா சொன்ன பதில், தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்தது என்று. சீஸ் செய்து விற்பவருக்கு அதுவே போதும். நான் பக்கத்தில்தான் நின்றேன். எல்லாம் காதில் விழுந்தது.

இன்று மாலை ஆறே காலுக்கு அகராதியைப் பையில் போட்டுக்கொண்டு தளிருக்குப் போனேன். அத்தை மட்டும் இருந்தார். கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. நான் அகராதியை விரித்து 874-ஆம் பக்கத்தின் கடைசி வரியைப் படித்தேன். பக்கத்தைத் திருப்பினேன். 875-ஆம் பக்கத்தின் முதல் வரியைப் படித்தேன். டப்பாவைப் பற்றிச் சொன்னேன்.

அத்தை உள்ளே போய் மஞ்சள் துணி ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. டப்பாவின் வடிவம் துணிக்கு மேலேயே தெரிந்தது.

“உங்கம்மா ரெண்டே நாள்ல கொண்டாந்து குடுத்துட்டா. ‘தப்பு என்னுதுதானுங்க்கா. படிச்சுச் சொன்னது யாருன்னு மட்டும் யார்த்தயும் சொல்லீராதீங்க, அவ படிக்கற புள்ள’ன்னா. செரின்னேன்.”

அப்படியானால் கண்காட்சியில் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் முடிந்திருப்பேன்.

“செரின்னு சொன்னா சொன்னதுதான?” என்றார்.

அட்டவணையில் இரண்டு வரிசைகளை மறைத்து ஒட்டியதையும் சொன்னேன். தெரியும் என்றார். ‘நன்றி’ ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்ததாம்.

மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்க எனக்கு நேரம் பிடித்தது. திங்கட்கிழமை கோவைக்குப் போய் டாக்டரைப் பார்த்திருக்கிறார்கள். நெஞ்சில் புதிதாக ஒன்றும் இல்லை. தினம் இரண்டு துண்டு வேண்டாம், வாரத்துக்கு ஒன்று போதும், பால் சீஸ் என்றாலும் அதே கணக்குத்தான் என்றாராம். புரதத்துக்குப் பருப்பும் சுண்டலும் தின்னச் சொன்னாராம்.

“ஆனா நாலு நாளு அவரு தூங்கல” என்றார் அத்தை. இதைத் திட்டுவது போலச் சொல்லவில்லை. எனக்குத் தெரிய வேண்டும் என்பது போலச் சொன்னார்.

பிறகு எழுந்து போய், சிலேட்டில் ‘இதயத்துக்கு இதம்’ என்றிருந்ததை உள்ளங்கையால் அழித்தார். ‘ஒரே சீஸ்’ என்பதில் ‘ஒரே’யையும் அழித்தார். “நானும் பாதிதான் படிச்சிருக்கேன்” என்றார்.

எனக்கு இன்னும் கோபம் முழுதாகப் போகவில்லை. அதையும் சொன்னேன். அம்மாவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், நாற்பது பிள்ளைகள் முன்னால் சொன்னது தவறு என்றேன்.

“ஆமா” என்றார்.

இருபத்தெட்டு நாளாக நான் பழி என்று நினைத்துக் காத்திருந்தது, இந்த ஒரு சொல்லுக்காகத்தான் போலிருக்கிறது. கிடைத்ததும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தச் சின்னப் பையன் கையில் துப்பி வைத்துக்கொண்டு நின்றானே, அப்படி நின்றேன்.

அடுத்த பூசம் ஆகஸ்ட் 15. அன்று அம்மா கரண்டியைத் தொடுவதற்கு முன், அகராதியோடு முன்னால் போய் நின்று இரண்டு பக்கத்தையும் படிக்கப் போகிறேன் என்றேன். அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை.

“உங்கம்மாட்டக் கேட்டுட்டுச் செய்யி. இந்தத் தடவ ஊர்ல சொல்றதுக்கு முந்தி ஊட்ல சொல்லு” என்றார்.

அதற்குள் உள்ளிருந்து மாமா, சுண்டல் வெந்துவிட்டது என்று கூப்பிட்டார். யார் வந்திருப்பது என்றும் கேட்டார். “நம்ம மலருதான்” என்றார் அத்தை. “உக்காரச் சொல்லு, சாப்பிட்டுட்டுப் போகட்டும்” என்றது குரல். அந்தக் குரலில் ‘கண்ணு’ இல்லை. ஆனால் சுண்டல் மூன்று கிண்ணத்தில் வந்தது. கொஞ்சம் உப்புக் குறைவு. முழுதாகத் தின்றேன்.

கிளம்பும்போது அத்தை கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். கை இரண்டிலும் பாத்திரம். “பலகை வெளக்கு சுவிட்சு உம்பக்கம் இருக்குது பாரு, கதவு ஓரம்” என்றார்.

வெளியே வந்து எதிரே பார்த்தேன். எங்கள் வீட்டு ஜன்னலில் அம்மா நின்றிருந்தார். நான் தினமும் உட்காரும் இடத்தில்.

ஏழு நாற்பதுக்குத் தளிர் பெயர்ப்பலகை விளக்கு அணைக்கப்பட்டது. அணைத்தது நான்.